பேதுரு மீன், 20 டாலர்

புனித பூமிக்குப் போய்வந்ததிலிருந்து ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். எருசலேம் எப்படி, கல்லறைக் கோயில் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. "கலிலேயாவுல மீன் சாப்பிட்டீங்களாமே, எப்படி இருந்துச்சு?" தூத்துக்குடிக்காரர்கள் வேறு எதைக் கேட்பார்கள்! ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். கலிலேயக் கடலோரம், சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நிற்கிற ரகம். கடல் என்று சொல்கிறார்களே தவிர அது ஏரிதான். நல்ல தண்ணீர், நீளம் 21 கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கடல்காற்றில் வளர்ந்த எனக்கு அந்தக் கரையில் உப்பு வாடையே இல்லாதது கடைசிவரை என்னவோ போலிருந்தது. பயணக் கட்டணத்தில் அன்றைய மதியச் சாப்பாடு சேர்த்தி இல்லை. தலைக்கு 20 டாலர். இது 2019 நவம்பர் கணக்கு.

உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் பீட்டா ரொட்டி, ஹம்மூஸ் என்கிற கொண்டைக்கடலை விழுது, வெள்ளரி தக்காளி நறுக்கியது, ஊறவைத்த ஆலிவ் காய். ரொட்டியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். உப்பிக்கொண்டு, பிய்த்தால் ஆவி வந்தது. அப்புறம் மீன், அங்கே அதற்குப் பேதுரு மீன் என்று பேர். தலையோடும் வாலோடும் முழுசாகப் பொரித்து, பக்கத்தில் உருளைக்கிழங்கு சிப்ஸ், ஒரு துண்டு எலுமிச்சை. தட்டைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த மதினி என் காதில் சொன்னாள்: "ஏ, இது நம்ம ஜிலேபில்லா?"

ஜிலேபியேதான். அதாவது நம் குளத்து ஜிலேபிக் கெண்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். நம்மூருக்கு வந்தது ஆப்பிரிக்கா வகை, 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். கலிலேயாவில் இருப்பது வேறு வகை, அந்த ஏரியில் இயற்கையாகவே வாழ்வது. அரபியில் முஷ்த், சீப்பு என்று பேர். முதுகுத் துடுப்பை விரித்துப் பார்த்தால் சீப்பேதான். எங்கள் வீட்டில் ஜிலேபியைச் சட்டியில் ஏற்ற மாட்டார்கள். சீலாவும் விளமீனும் கிடைக்கிற ஊரில் சேற்று வாடை அடிக்கிற மீனை யார் வாங்குவார்கள்? இதற்காக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் பறந்து வந்து 20 டாலர் கொடுத்திருக்கிறோம்.

ருசி? எண்ணெய் பழசு. மேல்தோல் மொறுமொறு, உள்ளே சதை வெள்ளையாக, உப்பு சேராமல் சப்பென்று இருந்தது. மிளகாய்ப் பொடி கேட்டதற்கு கெட்சப் கொண்டுவந்தார்கள். முள் பெரிது, குழந்தைகளுக்குக்கூட எடுத்துக் கொடுக்கலாம். அது ஒரு நல்ல விஷயம். "ஏரியில் பிடித்ததா?" என்று பரிமாறுகிற பையனிடம் கேட்டோம். சிரித்துக்கொண்டே "பண்ணை" என்றான். அந்த நேர்மைக்காகவே அவனுக்கு டிப்ஸ் வைத்தேன்.

பேதுரு மீன் என்ற பேர் மத்தேயு நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் இருந்து வந்தது. கோயில் வரி கட்ட இயேசு தன் சீடர் பேதுருவைத் தூண்டில் போடச் சொல்கிறார், முதல் மீனின் வாயில் காசு இருக்கிறது. இந்த ஜாதி மீன் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும், அதனால் காசுக் கதை இதன்மேல் ஒட்டிக்கொண்டது போல. ஆனால் ஏரியில் மிதக்கிற நுண்ணிய பாசியைத் தின்று வாழ்கிற மீன் தூண்டில் புழுவுக்கு எங்கே வரும்? இதற்கு வலைதான். பேதுருவின் தூண்டிலில் சிக்கியது மீசை வைத்த கெண்டை வகை ஏதாவது இருக்கும் என்கிறார்கள். வலைக்காரன் மகளாக நானும் அந்தக் கட்சிதான்.

சரி, என் உண்மையான வருத்தம் ருசி பற்றியது இல்லை. மேஜை விரிப்பில் அப்பமும் மீனும் படம் போட்டிருந்தார்கள். ஒரு பையன் வைத்திருந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட அற்புதம், அது நடந்த இடம் என்று கோயில் கட்டியிருக்கிற தாப்காவில் காலையில் பார்த்த அதே படம். அற்புதத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்டது இந்த மீனைத்தான் என்கிற மாதிரி ஒரு வியாபாரம். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது.

தாப்கா கோயில் 1982-இல் கட்டி முடித்தது. ஆனால் தரையில் இருக்கிற கல் சித்திரம் ஐந்தாம் நூற்றாண்டு. பீடத்துக்கு முன்னால் குனிந்து பார்த்தால் ஒரு கூடை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீன். கூடையில் நாலு அப்பம்தான் தெரிகிறது. ஐந்தாவது பீடத்தின்மேல் இருக்கிறது என்பார்கள், அதாவது பூசையில். மீனுக்கு முதுகில் இரண்டு துடுப்பு. அந்த ஏரியின் சொந்த மீன் எதற்கும் இரண்டு முதுகுத் துடுப்பு கிடையாதாம். வரைந்தவர் வெளியூர்க்காரர் போல. எங்கள் தெரு சிறுபிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது.

எங்களோடு வந்த ஃபாதர் செமினரியில் கிரேக்கம் படித்தவர். பஸ்ஸில் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. யோவான் நற்செய்தியில் அந்த அற்புதத்தில் வருகிற பையன் கையில் இருந்த மீனுக்கு ஒப்ஸாரியோன் என்ற சொல் வருகிறதாம். ரொட்டியோடு சேர்த்துத் தின்கிற பண்டம் என்று அர்த்தம். பெரும்பாலும் உப்புப் போட்ட சின்ன மீன். எனக்கு உடனே புரிந்துவிட்டது: தொட்டுக்கிட! பையன் வைத்திருந்தது தொட்டுக்கொள்ளக் கருவாடு. தாப்காவுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற மக்தலாவுக்கு மீன் உப்புப்போடுகிற ஊர் என்றே ஒரு கிரேக்கப் பேர் இருந்ததாம். அப்பமும் கோதுமை இல்லை, வாற்கோதுமை. வசதி இல்லாதவன் ரொட்டி.

என் அம்மா ஓலைப்பெட்டியில் கருவாடு சுமந்து மேற்கே உள்ள கிராமங்களுக்குப் போய் விற்றவள். கம்பங்கஞ்சியும் ஒரு துண்டு சாளைக் கருவாடும் அந்த ஜனங்களுக்கு எப்பேர்ப்பட்ட சாப்பாடு என்று எனக்குத் தெரியும். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசுவால் தண்ணீர் திராட்சை ரசம் ஆனபோது, முதலில் ஊற்றியதைவிட உசத்தியான ரசமாக ஆயிற்று. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. வாற்கோதுமை வாற்கோதுமையாகவே இருந்தது, கருவாடு கருவாடாகவே இருந்தது. அதையே ஐயாயிரம் பேரும் வயிறு முட்டத் தின்றார்கள். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். விரிப்பில் கொழுத்த மீன் படம் போடுகிறவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

ஃபாதரோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பிரசங்கத்தில் அவர், பையன் கொடுத்ததைப் பார்த்து எல்லாரும் மடியில் மறைத்து வைத்திருந்ததை எடுத்துப் பகிர்ந்தார்கள், அந்த மனமாற்றம்தான் அற்புதம் என்றார். இப்போது நிறையப் பேர் இப்படிச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே யோவான் 6-இல், சாப்பிட்டு முடித்த ஜனங்கள் இயேசுவைப் பிடித்து ராஜாவாக்கப் பார்க்கிறார்கள். சொந்தக் கட்டுச்சோற்றைத் தின்றவன் எதற்கு இன்னொருத்தரை ராஜாவாக்க வேண்டும்? மேஜையில் இதைக் கேட்டேன். ஃபாதர் ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டு, "நீங்க பிரசங்கம் வச்சிருக்கலாம்" என்றார்.

கூடை விஷயத்தையும் அவரிடமே கேட்டுக்கொண்டேன். ஐயாயிரம் பேர் கதையில் மீந்தது 12 கூடை, இதே மாதிரி இன்னொரு அற்புதமான நாலாயிரம் பேர் கதையில் 7 கூடை. நம் பைபிளில் இரண்டுமே கூடை. கிரேக்கத்தில் வேறு வேறாம். முதலாவது யூதர்கள் வழியில் கொண்டுபோகிற சாப்பாட்டுக் கூடை. இரண்டாவது பெரியது, எதிரிகளிடமிருந்து தப்பிக்கப் பவுலை மதிலிலிருந்து இறக்கினார்களே, அந்த மாதிரி ஆள் உட்காருகிற கூடை. அப்படியானால் 7 கூடை 12 கூடையைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். நார்ப்பெட்டி, கடகம், கொட்டான் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பேர் வைத்திருக்கிற நம் ஆட்கள் மொழிபெயர்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

கடைக்கு வருகிறேன். கடைசியில் பேரீச்சம்பழமும் சின்னக் கப்பில் ஏலக்காய் போட்ட காபியும் கொடுத்தார்கள், இரண்டும் அருமை. கழிப்பறைக்கு நீண்ட வரிசை. எங்கள் மேஜையில் பாதித் தின்ற மீன் ஏழெட்டு கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் தள்ளிக்கொண்டு போனான் அந்தப் பையன்.

ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன். ரொட்டிக்கு ஒன்று, காபிக்கு ஒன்று. பார்க்கப்போனால் அந்தக் கரையில் மீன் சமைத்ததாக நற்செய்தியில் எழுதியிருக்கிற ஒரே ஆள் உயிர்த்தெழுந்த இயேசுதான், யோவான் 21-இல். அவரும் கரி நெருப்பில் சுட்டார், எண்ணெயில் போடவில்லை. போகிறவர்கள் மீனைச் சுட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஊறுகாய் மறக்காமல் எடுத்துப் போங்கள். மதினி பையிலிருந்த நார்த்தங்காய் இல்லையென்றால் அன்றைக்கு எங்கள் மேஜையில் ஒருத்தரும் மீனை முடித்திருக்க மாட்டோம்.