எஃப்2எஃப்எஸ்: ஒரே போனில் நான்கு வருடம்

எஃப்2எஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டும் ஃபைல் சிஸ்டம்கள், அதாவது சேமிப்பு சிப்பில் கோப்புகளை எழுதி அடுக்கும் முறைகள். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை இரண்டு வருடம் எக்ஸ்ட்4-இல் ஓட்டினேன். அப்புறம் கஸ்டம் ரோம் (கம்பெனி தராத, வெளியார் செய்த ஆண்ட்ராய்டு) போட்டு, டேட்டா பார்ட்டிஷனை (ஆப்களின் தரவும் நம் கோப்புகளும் இருக்கும் பகுதி) எஃப்2எஃப்எஸ்-க்கு மாற்றி இன்னும் இரண்டு வருடம். அதே போன், அதே 32 ஜிபி சிப்.

மாற்றிய முதல் வாரம் போன் பறந்தது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மொத்தத்தையும் துடைத்து ஃபார்மட் செய்தால் எந்த போனும் ஒரு வாரம் பறக்கும்!

உண்மையான வித்தியாசம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் பின்னணியில் நாலு ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தால், மெசேஜ் பெட்டியைத் தொட்டு மூன்று எண்ணிய பிறகுதான் கீபோர்டு மேலே வரும். அந்த இழுவை பெரும்பாலும் போய்விட்டது. போனில் பாதி ஆப்கள் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில்தான் எழுதுகின்றன: துளித்துளியாக எழுதி, ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் (‘இப்போதே சிப்பில் எழுதி முடி’ என்ற உத்தரவு) கேட்கும். எஸ்க்யூலைட் தனக்கென ஒரு ஜர்னல் (பாதியில் நின்றுபோனால் சரிசெய்ய உதவும் குறிப்பேடு) வைத்திருக்க, அதன் அடியில் எக்ஸ்ட்4-உம் இன்னொரு ஜர்னல் எழுதும், எழுதும் வேலை கூடிவிடும். எஃப்2எஃப்எஸ் பழைய இடத்தைத் தொடாமல் புதிய இடத்தில் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். போனில் இருக்கும் ஃப்ளாஷ் சிப்புக்குப் பிடித்த வழி அதுதான். சாம்சங்கில் உருவாகி, 2013-இல் வந்த லினக்ஸ் 3.8-இல் சேர்ந்தது இது.

ஆப் திறக்கும் வேகத்தில் மட்டும் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. அது படிக்கும் வேலை, எழுதும் வேலை இல்லையே.

சரி, கடுப்பேற்றிய விஷயத்துக்கு வருகிறேன். ஒருமுறை காலி இடம் ஒரு ஜிபிக்கும் கீழே போய்விட்டது. வீடியோ எடுத்தால் நடுவில் நின்று நின்று பதிவானது. எக்ஸ்ட்4 காலத்தில்கூட இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. வரிசையாக எழுத இடம் வேண்டும். இடமில்லை என்றால் 2 எம்பி செக்மென்ட்களில் (எஃப்2எஃப்எஸ் இடத்தைப் பிரித்துவைக்கும் துண்டுகள்) இன்னும் உயிரோடு இருக்கும் தரவை வேறிடத்துக்கு நகர்த்திக் காலி செய்ய வேண்டும், அல்லது கிடைத்த ஓட்டைகளில் எழுத வேண்டும். இரண்டுமே மெதுவான வேலை.

ஆறு ஜிபி அழித்தேன். உடனே பெரிய முன்னேற்றம் இல்லை. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் சரியாகிவிட்டது. சும்மா கிடக்கும்போது எஃப்ஸ்ட்ரிம் (எந்த இடமெல்லாம் காலி என்று சிப்புக்குச் சொல்லும் வேலை) ஓட்டும் வசதி ஆண்ட்ராய்டு 4.3-இலிருந்தே இருக்கிறது, அதுவும், எஃப்2எஃப்எஸ்-இன் சொந்தத் துப்புரவும் சேர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். அதிலிருந்து ஐந்து ஜிபிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

இப்போதைய போன் எஃப்2எஃப்எஸ்-உடனே வந்தது. பழையதை மாற்ற நினைப்பவர்கள் முதலில் பேக்கப் எடுங்கள், ஃபார்மட் செய்தால் எல்லாமே போய்விடும். உங்கள் ரெக்கவரிக்கு (ரோம் போடவும் ஃபார்மட் செய்யவும் உதவும் தனி மெனு) எஃப்2எஃப்எஸ் படிக்கத் தெரியுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.