29ஆம் நம்பர் சட்டை: துணி அருமை, அட்டையில 22 வருஷத்தக் காணோம்

அமெரிக்க பேஸ்பால்ல பந்து வீசின சாட்செல் பெய்ஜ் பேரு போட்ட 29ஆம் நம்பர் டீ-ஷர்ட், ஆன்லைன்ல வாங்கினேன், டெலிவரியோட சேத்து 62 வெள்ளி, 11 நாள்ல வந்துருச்சு. அக்கா பொண்ணு ஸ்கூல் சாஃப்ட்பால் சிசிஏல (பாடம் போக ஸ்கூல்ல சேர்ற குழு) பிட்சர், அதாவது பந்து வீசறவ, அவளுக்காக பழைய வீடியோவெல்லாம் தேடப் போய்தான் எனக்கு இந்த மனுஷன் மேல இவ்ளோ பைத்தியம்.

துணி நல்ல காட்டன், நம்மூர் வெக்கைக்கு ஒடம்புல ஒட்டல. அஞ்சு வாட்டி மெஷின்ல போட்டு ஜன்னல் மூங்கில் கழியில காயப் போட்டாச்சு, நம்பர் உரியல, சாயமும் போகல. சைஸ் மட்டும் சின்னது, எனக்கு எப்பவும் எம், இதுல எல் எடுத்தும் தோள்ல இறுக்குது, அதனால பெருசாவே எடுங்க.

என் வருத்தம் உள்ள வச்சிருந்த அட்டைதான். 1948லேர்ந்து 1953 வரைக்கும் விளையாடினார்னு மட்டும் போட்டிருக்கு, பாத்ததும் வயிறெரிஞ்சு போச்சு. அவர் 1926லயே சாட்டனூகா டீம்ல பந்து வீச ஆரம்பிச்சவர், அப்புறம் பிட்ஸ்பர்க் க்ராஃபர்ட்ஸ், கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ்னு கறுப்பர்களுக்கான நீக்ரோ லீக்லயே இளமை பூரா போச்சு, ஏன்னா கறுப்பா இருந்தா மேஜர் லீக்ல, அதாவது அங்க இருக்குற பெரிய பேஸ்பால் லீக்ல, எடுக்க மாட்டாங்க. ஜாக்கி ராபின்சன்ங்கிற கறுப்பு ஆட்டக்காரர் 1947ல உள்ள போனப்புறம்தான் கதவு தொறந்துச்சு. க்ளீவ்லேண்ட் டீம் பெய்ஜ எடுத்த அன்னிக்கு, 1948 ஜூலை 7, இவருக்கு 42ஆவது பொறந்தநாள்! மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணான அமெரிக்கன் லீக்ல மொத கறுப்பு பிட்சர். அந்த சீசன்ல 6 ஆட்டம் ஜெயிச்சு 1 தோத்தார், ஆகஸ்ட்ல அவர் வீசின ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு 78,382 பேர் வந்தாங்க, நம்ம காலாங் நேஷனல் ஸ்டேடியமே 55,000 பேர்தான் கொள்ளும், யோசிச்சுப் பாருங்க. முன்கால ஊனிட்டு, கைய ஒரு கணம் நிறுத்தி வச்சு அப்புறம் பந்த விடுவார், பேட்ஸ்மேன் அதுக்குள்ள பேட்ட சுத்திருப்பான். அது கூடாதுன்னு லீக் தலைவரே தடுத்துட்டார்.

1953க்கு அப்புறமும் அவர் ஆட்டம் முடியல. 1965ல 59 வயசுல கேன்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் டீமுக்கு 3 இன்னிங்ஸ் வீசி ஒரு ரன் கூடக் கொடுக்கல, அதயும் அட்டையில காணோம்.

2020லயே மேஜர் லீக் நிர்வாகம் நீக்ரோ லீக்க மேஜர் லீக்தான்னு ஏத்துக்கிச்சு, 2024ல அந்த கணக்கெல்லாம் அதிகாரபூர்வமா சேத்தாச்சு. அப்புறமும் இப்படி அச்சடிச்சா எப்படி? அவர் பேரப் போட்டு காசு வாங்குறவங்க அவர் உழைச்ச வருஷத்தயாவது சரியாப் போடணும்ல.

கடைக்கு மெசேஜ் போட்டேன், மாத்துறோம்னு பதில் வந்துச்சு, இன்னும் மாத்தல. சட்டைக்கு 5க்கு 4 ஸ்டார். அக்கா பொண்ணுக்கும் ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன், அட்டையோட பின்பக்கம் 1926லேர்ந்து நானே கையால எழுதிக் குடுக்கப் போறேன்.