சர்வர் கிடைக்கவில்லை: நாகர்கோவில் ஆபீஸ் ஒன்றில் எட்டு வருட அனுபவம்

நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மாடியில் இரண்டு அறை, ஒன்பது கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன். ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய பேப்பரைக் கிழியாமல் எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் எது நின்றாலும் "சர்வரு போச்சு, வந்து பாரு மக்களே" என்று அக்காவின் குரல் வந்துவிடும். அக்கா என்றால் எங்கள் சீனியர் அக்கவுண்டன்ட்.

சர்வர் என்று பெருமையாகச் சொல்கிறோமே தவிர, அது விண்டோஸ் 10 ப்ரோ போட்ட சாதாரண டெஸ்க்டாப்தான். அதில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, எல்லா மெஷினிலும் இசட் டிரைவாக மாட்டியிருக்கிறோம். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் டேட்டா, ஸ்கேன் செய்த பில்கள், எங்களிடம் கணக்கு கொடுக்கும் பார்ட்டிகளின் ரிட்டர்ன் காப்பிகள் எல்லாம் அதில்தான். 2017 ஜூனில் ஆரம்பித்தோம். அமைத்துக் கொடுத்தவர் பத்தே நிமிடத்தில் வேலையை முடித்தார்: பாஸ்வேர்டு வேண்டாம், 'எவ்ரிஒன்' என்பதற்கு ஃபுல் கண்ட்ரோல். யார் வேண்டுமானாலும் நுழையலாம், எழுதலாம், அழிக்கலாம். எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். அதற்கு முந்தின மாதம்தான் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்க ஷேரிங் வழியாகவே பரவியிருந்தது. அது நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டோம்.

அந்தத் திறந்த கதவை விண்டோஸ் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டே வந்தது. நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி அதனால் வந்ததுதான். ஆனால் முதல் அடி அங்கிருந்து வரவில்லை. காற்றிலிருந்து வந்தது.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மரம், போஸ்ட் எல்லாம் சாய்ந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது. பல நாள் கழித்துக் கரண்ட் வந்து ஆபீஸைத் திறந்தால், சர்வர் ஓடுகிறது, யாராலும் நுழைய முடியவில்லை. நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்கிறது. ஈரம் இறங்கியிருக்கும் என்று கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், ஸ்விட்சை மாற்றினேன், அரை நாள் போனது. விஷயம் என்னவென்றால், எல்லோருடைய ஷார்ட்கட்டும் சர்வரின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் ரவுட்டர் ஒவ்வொரு மெஷினுக்கும் கொடுக்கும் எண்ணை, வைத்துப் போட்டது. இத்தனை நாள் அணைந்து கிடந்த ரவுட்டர் திரும்ப எழுந்ததும் முதலில் வந்தவர்களுக்கு முதல் எண்ணைப் பங்கு வைத்துவிட்டது. சர்வரின் பழைய எண் ஜூனியர் தம்பியின் மொபைலில் இருந்தது! ரவுட்டருக்குள் போய், இந்த மெஷினுக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ஒதுக்கி வைத்தேன். இன்றுவரை அந்தத் தொல்லை திரும்பவில்லை.

அதோடு எண்ணை விட்டுப் பெயரால் கூப்பிடப் பழகினோம். அடுத்த வருடம் புது லேப்டாப் ஒன்று வந்தது. அதில் 'நெட்வொர்க்' என்பதைத் திறந்தால் சர்வரே தெரியவில்லை. இதில் பலரும் ஏமாறுகிறார்கள். பட்டியலில் தெரியாமல் இருப்பது வேறு, நுழைய முடியாமல் இருப்பது வேறு. முன்பு அந்தப் பட்டியலைக் காட்டிக்கொண்டிருந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய ஷேரிங் முறை. 2017 கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும் விண்டோஸில் அதை முழுசாகத் தருவதில்லை. இப்போது ஃபங்ஷன் டிஸ்கவரி என்று தொடங்கும் இரண்டு சர்வீஸ்கள் ஓடினால்தான் பெயர் பட்டியலில் வரும். வராவிட்டால் போகட்டும், அட்ரஸ் பாரில் இரண்டு பின்சாய்கோடு போட்டு சர்வர் பெயரை நேராக அடித்தால் உள்ளே போய்விடலாம். நான் அந்த சர்வீஸ் பக்கமே போகவில்லை.

2021ல் சர்வரின் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புதுப் பெட்டி வாங்கி, விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். உடனே ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஃபோல்டருக்கு ஸ்கேன் போவது நின்றது. பழைய மெஷின், அதற்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். புது சர்வர் அந்தப் பாஷையைப் பேச மறுத்துவிட்டது. சர்வீஸுக்கு வந்தவர் ஒரு நொடியில் எஸ்எம்பி 1ஐ ஆன் செய்தார், ஸ்கேன் வந்தது, சாயா குடித்துவிட்டுப் போனார். வான்னாக்ரை நுழைந்த ஓட்டை அதே எஸ்எம்பி 1ல்தான் இருந்தது என்று எனக்கு அதற்குள் தெரியும். அந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் அடைப்பு கொடுத்துவிட்டதும் தெரியும். இருந்தாலும் ஒரு வாரம் மனசு கேட்கவில்லை, வெப்ராளம். அணைத்துவிட்டேன். மெஷின் மாற்றும்வரை பென் டிரைவில்தான் ஸ்கேன். ஆபீஸில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அதில் நியாயமும் இருந்தது.

அந்தச் சமயத்திலேயே, எவ்ரிஒன் வேண்டாம், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று சர்வரில் கணக்கு தொடங்கினேன். எட்டு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான். முதல் மாதம் மட்டும் நரகம்.

அக்கா தன் லேப்டாப்பில் நான்கு இலக்கப் பின் போட்டுத்தான் நுழைவார். சர்வர் பாஸ்வேர்டு கேட்டதும் அதே பின்னை அடித்தார், தவறு என்றது. மூன்று முறை அடித்துவிட்டு "இது கேக்க மாட்டேங்குது" என்று கையை எடுத்துவிட்டார். பின் என்பது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் சொந்தமானது. சர்வருக்கு அது தெரியாது. அங்கே சர்வரில் உள்ள பெயரும் பாஸ்வேர்டும்தான் வேண்டும். சரி, எனக்குப் பாஸ்வேர்டே வேண்டாம், காலியாக விடு என்றார். விட்டேன், அதுவும் நுழையவில்லை. பாஸ்வேர்டு காலியாக உள்ள கணக்கை அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துதான் பயன்படுத்தலாம், நெட்வொர்க் வழியாக வந்தால் விண்டோஸ் விடாது. இதை நான் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் ஆனது.

அப்புறம் சார். ஆடிட்டர் சாரின் லேப்டாப்பில் பொது ஃபோல்டர் ஒரு பெயரிலும் அவருடைய தனி ஃபோல்டர் வேறு பெயரிலும் திறந்திருந்தது. ஒரே சர்வருக்கு ஒரே ஆள் இரண்டு பெயரில் வரக்கூடாது என்பது விண்டோஸின் சட்டம். 1219 என்ற எண்ணோடு பிழை காட்டும். கமாண்ட் விண்டோவில் 'நெட் யூஸ்' கொடுத்து இருக்கிற இணைப்புகளைப் பார்த்து, எல்லாவற்றையும் அறுத்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்துக் கிடந்த பழைய பாஸ்வேர்டையும் அழித்தால் சரியாகிவிடும். சேமித்த பழைய பாஸ்வேர்டு என்பது ஒரு சனியன். நாம் எத்தனை தடவை சரியாக அடித்தாலும் அது முந்திக்கொண்டு போய் நிற்கும்.

2022ல் இன்டர்நெட்காரர்கள் மோடத்தை மாற்றிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் சர்வர் பிங்கிற்குக்கூட, அதாவது 'இருக்கிறாயா' என்று கூப்பிட்டுப் பார்ப்பதற்குக்கூட, பதில் சொல்லவில்லை. பிங் வரவில்லை என்றால் கேபிள்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன். கேபிளில் ஒன்றுமில்லை. மோடம் மாறியதால் இது ஏதோ புது நெட்வொர்க் என்று நினைத்து, சர்வர் தன்னைப் 'பப்ளிக்' என்று மாற்றிக்கொண்டது. பப்ளிக் என்றால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதுபோல, ஃபயர்வால் யாரையும் கிட்டே விடாது. 'ப்ரைவேட்' என்று மாற்றியதும் எல்லாம் வந்தது. இப்போதெல்லாம் பிங்கை மட்டும் நம்புவதில்லை. பவர்ஷெல் என்ற கமாண்ட் விண்டோவில் சர்வரின் 445ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பேன். ஷேரிங் நடப்பது அந்த வாசல் வழியாகத்தான். அது திறந்திருந்தால் கேபிள், ஸ்விட்ச், ஃபயர்வால் எதையும் தொட வேண்டாம். மீதி எல்லாம் பெயர், பாஸ்வேர்டு, பெர்மிஷன் சமாச்சாரம்.

பெர்மிஷன் என்றதும் 2023 செப்டம்பர் 29 நினைவுக்கு வருகிறது. மறுநாள் டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்குக் கடைசித் தேதி. ஆபீஸில் யாரும் மதியம் சாப்பிடவில்லை. சார் சர்வரிலேயே உட்கார்ந்து, தன் தனி ஃபோல்டரில் இருந்த ஒரு பார்ட்டியின் ஃபைல்களைப் பொது ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டார். எல்லோருக்கும் பெயர் தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை. "நான்தான் எல்லாருக்கும் குடுத்துட்டேனே" என்கிறார் சார். ஷேர் பெர்மிஷனைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. பக்கத்து ஃபோல்டர் திறக்கிறது, இது மட்டும் மாட்டேன் என்கிறது.

விண்டோஸில் இதற்கு இரண்டு பூட்டு. ஷேரில் கொடுக்கும் அனுமதி வெளிக் கேட் மாதிரி, டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இருக்கும் என்டிஎஃப்எஸ் அனுமதி அறைக் கதவு மாதிரி. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபைலை நகர்த்தினால் அது தன் பழைய பூட்டோடேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். காப்பி செய்தால் புது இடத்தின் பூட்டை எடுத்துக்கொள்ளும். சார் செய்தது நகர்த்தல். அவர் ஒருவருக்கு மட்டும் திறக்கும் பூட்டு பொது ஃபோல்டருக்குள் வந்துவிட்டது. பொது ஃபோல்டரின் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய், உள்ளே இருப்பவை எல்லாம் மேலே உள்ளதையே எடுத்துக்கொள்ளட்டும் என்று டிக் போட்டு அப்ளை கொடுத்தேன். ஆயிரக்கணக்கான ஃபைல், ஓடி முடியும்வரை அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று இரவு ரசவடை சார் செலவு.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். சர்வர் 15 நிமிடம் சும்மா இருந்தால் இணைப்பை விட்டுவிடுவது வழக்கம், இரட்டை கிளிக் செய்தால் திரும்ப வரும். இதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் ஷேரில் அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் பரலோகம்தான். இதற்குப் பயப்பட வேண்டும். டேலியை வைஃபையில் ஓட்டக்கூடாது என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஒரு என்ட்ரி பாதியில் இருக்கும்போது சிக்னல் விட்டால் டேட்டா கெட்டுப்போகும்.

குளச்சலில் கடலை ஒட்டி ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு பார்ட்டி, சர்வர் மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டார். ஸ்பீடு ஆயிரத்திலிருந்து நூறாக இறங்கியிருந்தது. கேபிள் முனையைக் கழற்றினால் பின்கள் பச்சை பூத்திருந்தன, உப்புக்காற்று. ஆயிரம் எம்பிக்கு கேபிளில் உள்ள நான்கு ஜோடியும் வேண்டும், நூறுக்கு இரண்டு போதும். அதனால் அறுந்துபோகாமல் நொண்டிக்கொண்டு ஓடும். முனையை வெட்டிப் புதிதாக அடித்துக் கொடுத்தேன். கடலோரத்தில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருதடவை முனைகளைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கடைசியாக 2025. விண்டோஸ் 10க்கு அந்த வருடம் அக்டோபர் 14ஓடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான அப்டேட் நிற்கும் என்பதால் முன்கூட்டியே இரண்டு லேப்டாப் வாங்கினோம், ஒன்று ப்ரோ, ஒன்று ஹோம், இரண்டும் விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பு. சர்வரில் இரண்டும் நுழைந்தன. பேக்கப்புக்கு வைத்திருக்கும் சின்ன நாஸ் (நெட்வொர்க்கில் நேராக மாட்டும் டிஸ்க்) பெட்டியில் ஹோம் நுழைகிறது, ப்ரோ நுழையவில்லை. விலை கூடினது நுழையவில்லை என்றால் சாருக்கு எப்படி இருக்கும்! அந்தப் பெட்டியை மட்டும் நான் சோம்பேறித்தனத்தில் பழைய பழக்கப்படி பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட்டாக விட்டிருந்தேன். 24எச்2வின் ப்ரோவில் கெஸ்ட்டாகப் போவதை நிறுத்திவிட்டார்கள், போகிற ஒவ்வொரு தகவலிலும் கையெழுத்து கட்டாயம் என்றும் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கையெழுத்துக்குச் சாவி பாஸ்வேர்டிலிருந்து வருவது. பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் எதை வைத்துக் கையெழுத்துப் போடுவான்? இரண்டு கட்டாயத்தையும் எடுத்துவிடப் பவர்ஷெல் வரிகள் இருக்கின்றன, பலர் அதைத்தான் செய்கிறார்கள். நான் நாஸில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கி, அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கிளவுடில் வைக்கலாமே என்று ஜூனியர் தம்பி கேட்கிறான். மழை இறங்கினால் எங்கள் தெருவில் நெட் போகும், ஆனால் யுபிஎஸ் இருந்தால் சர்வர் ஓடும். சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரைதான் விடும், ஒன்பது பேருக்கு அது தாராளம். ஆள் கூடினால் பார்க்கலாம்.

பாக்கி இருப்பது சர்வர்தான், அது இன்னும் விண்டோஸ் 10ல் ஓடுகிறது. ரிட்டர்ன் வேலைகள் ஓய்ந்ததும் மாற்றப் போகிறேன். யாருக்கு எந்த ஃபோல்டர் என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவரை சர்வரில் உட்கார்ந்து யாரும் எதையும் இழுத்துப் போட வேண்டாம், காப்பி மட்டும் செய்யுங்கள் என்று மானிட்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். நேற்று சாயங்காலம் சார் அந்தச் சீட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருந்த ஃபோல்டரை இழுத்துப் போட்டார்.