மஸ்ட், ஹேவ் டு, ஷுட்: நீல அட்டை மர்ஃபி புத்தகத்தில் ஐந்தே பாடங்கள்

ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' புத்தகத்துக்கு அறிமுகம் தேவையில்லை. 1985-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது, ஐந்தாம் பதிப்பு 2019-ல் வந்தது. மொத்தம் 145 பாடம், இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. முழுப் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதினால் யாரும் கடைசி வரை படிக்கப் போவதில்லை, அதனால் 31 முதல் 35 வரையுள்ள பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மஸ்ட், ஹேவ் டு, நீட், ஷுட், ஹேட் பெட்டர் எல்லாம் அங்கேதான் வருகின்றன. ஆபீஸ் மெயிலில் நம்மவர்கள் அதிகம் சொதப்புவதும் அங்கேதான்.

நாம் 'போகணும்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது கட்டளையா, விதியா, அறிவுரையா, சும்மா ஆசையா என்பதைக் குரலும் சூழலும் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது, ஏதோ ஒரு வினையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது நம் தொனியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

31-ஆம் பாடம் மஸ்ட்டையும் ஹேவ் டு-வையும் பிரிக்கிறது. பேசுபவருக்கே தோன்றும் அவசியம் என்றால் மஸ்ட்: அம்மாவிடம் பேசி ரொம்ப நாளாச்சு, ஐ மஸ்ட் கால் ஹெர். வெளியிலிருந்து வரும் கட்டாயம் என்றால் ஹேவ் டு: கம்பெனி விதி, ஐ ஹேவ் டு வேர் எ டை. சரி, நல்ல பிரிவு. கட்டாயம் என்ற பொருளில் மஸ்ட்டுக்கு இறந்தகால வடிவம் கிடையாது, ஹேட் டு-தான் என்பதும் இங்கேயே வந்துவிடுகிறது. நேற்று போக வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டு 'ஐ மஸ்ட் ஹேவ் கான்' என்று எழுதினால், போயிருப்பேன் போல என்ற ஊகமாகிவிடும். ஊகத்துக்கான மஸ்ட் தனியாக 28-ஆம் பாடத்தில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

என்னைக் கேட்டால் புத்தகத்தின் விலை 32-ஆம் பாடத்துக்கே தகும். மஸ்ட்டும் ஹேவ் டு-வும் கிட்டத்தட்ட ஒன்று என்று நினைப்பவர், அவற்றின் எதிர்மறையும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார். இல்லவே இல்லை. 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்றால் நாளைக்கு வரக் கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' அல்லது 'யூ நீடன்ட் கம்' என்றால் வர வேண்டியதில்லை, வந்தாலும் பரவாயில்லை. டீமுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க நினைத்த மேனேஜர் முதல் வாக்கியத்தை அனுப்பினால், படிப்பவர் வேலை போய்விட்டது என்றே பயந்துவிடுவார். இதில் வேடிக்கை என்னவென்றால் தமிழில் இந்த இரண்டும் தெளிவாகத் தனித்தனி: கூடாது, வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டு மஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு நாட் சேர்த்தால் 'தேவையில்லை' வந்துவிடும் என்று நம்புகிறோமே, அதுதான் சிக்கல். மஸ்ட் நாட்-டில் மறுக்கப்படுவது 'வருவது', டோன்ட் ஹேவ் டு-வில் மறுக்கப்படுவது 'கட்டாயம்'. இந்த ஒரு வரி விளக்கத்தையும் மர்ஃபி சேர்த்திருக்கலாம், அவர் பொருளைச் சொல்லி எடுத்துக்காட்டு கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அதே பாடத்தில் நீடன்ட் ஹேவ் பற்றியும் உண்டு. 'யூ நீடன்ட் ஹேவ் குக்ட்' என்றால் சமைத்தாகிவிட்டது, தேவையில்லாமல் சமைத்துவிட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. 'டிட்ன்ட் நீட் டு குக்' என்றால் தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷுட்டுக்கு இரண்டு பாடம். அறிவுரை, நியாயமான எதிர்பார்ப்பு, செய்யாமல் விட்டதற்கான வருத்தம் எல்லாம் வருகின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. 35-ல் வரும் ஹேட் பெட்டர்தான் கவனிக்க வேண்டியது. நாம் 'பெட்டர் யூ சைன் திஸ்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 'யூ ஹேட் பெட்டர் சைன் திஸ்' என்பதில் செய்யாவிட்டால் வம்பு என்ற வாடை இருக்கிறது. கிளையன்டுக்கோ மேலதிகாரிக்கோ அதை அனுப்பினால் மிரட்டல் மாதிரித்தான் இருக்கும்.

இனி குறைகள். பயிற்சிகள் ரொம்ப எளிது, ஏனென்றால் மஸ்ட், ஹேவ் டு பாடத்தின் பயிற்சியில் விடை அந்த இரண்டில் ஒன்றுதான் என்று முன்கூட்டியே தெரியும். பின்பகுதியில் பல பாடங்களைக் கலந்து கூடுதல் பயிற்சிகள் இருக்கின்றன, அவற்றைத் தவிர்க்காமல் செய்தால்தான் உண்மையான சோதனை.

அப்புறம், மஸ்ட்டுக்கு இந்தப் புத்தகம் கொடுக்கும் இடம் இன்றைய பேச்சு வழக்குக்குக் கொஞ்சம் அதிகம். 1961-லும் 1990-களின் தொடக்கத்திலும் அச்சான ஆங்கில எழுத்துகளின் தொகுப்புகளை ஒப்பிட்ட மொழியியலாளர் ஜெஃப்ரி லீச், மஸ்ட் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். ஹேவ் டு-வும் நீட் டு-வும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. சக ஊழியரிடம் 'யூ மஸ்ட் செண்ட் இட்' என்பது அதட்டலாகக் கேட்கும், அதே மஸ்ட் 'யூ மஸ்ட் கம் ஹோம்' என்று விருந்துக்கு அழைக்கும்போது அன்பாகிவிடும். சந்தேகம் வந்தால் ஹேவ் டு போட்டுவிடுங்கள், பெரும்பாலும் தப்பாகாது.

சட்டம், ஒப்பந்தம், தொழில்நுட்ப ஆவணம் படிப்பவர்களுக்கு இது போதாது. அங்கே ஷேல் என்றால் பொதுவாகக் கட்டாயம். அரசியலமைப்பின் 74-ஆம் பிரிவில், அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் குடியரசுத் தலைவர் செயல்பட வேண்டும் என்பதை 1976-ல் 42-ஆவது திருத்தம் ஒரு ஷேல் போட்டுத்தான் உறுதியாக்கியது. இணைய நெறிமுறைகள் எழுதுபவர்கள் 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119-ஐப் பார்ப்பார்கள், இத்தகைய சொற்களுக்கு என்ன பொருள் என்று வரையறுக்கும் ஆவணம் அது. அதில் மஸ்ட்டும் ஷேலும் மீறவே கூடாதவை, ஷுட் என்றால் தக்க காரணம் இருந்து, விளைவை எடைபோட்ட பிறகு விலகலாம். ஆங்கிலம் கற்பவர்களுக்கான புத்தகத்தில் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனால் டெஸ்டிங் வேலையில் இருப்பவர்கள் மர்ஃபியின் ஷுட்டை நம்பி ஸ்பெக் (மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம்) படிக்கக் கூடாது.

பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஓரளவு கைவந்தவர்களுக்கு இந்த நீல அட்டை பொருந்தும். அதுவும் கஷ்டம் என்றால் இதே ஆசிரியரின் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் ஆரம்பியுங்கள். மார்ட்டின் ஹியூயிங்ஸ் எழுதிய பச்சை அட்டை இதற்கு அடுத்த நிலை, இப்போதைக்கு வேண்டாம். வாங்கும்போது அட்டையில் 'வித் ஆன்சர்ஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடை இல்லாத பதிப்பும் உண்டு, வீட்டில் தனியாகப் படிப்பவருக்கு அது உதவாது.