எழுதி முடிக்காதவர்களுக்கும் இடம் உண்டு: சியாட்டில் ஹ்யூகோ ஹவுஸ்

சியாட்டில் நகரின் கேப்பிட்டல் ஹில் பகுதியில், கால் ஆண்டர்சன் பூங்காவுக்கு எதிரே, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் ஹ்யூகோ ஹவுஸ் இருக்கிறது. அது நூலகமும் அன்று, கல்லூரியும் அன்று. எழுதுகிறவர்கள் கூடி எழுதவும், எழுதியதைப் பிறர் முன் வாசிக்கவும், கட்டணம் செலுத்தி எழுத்துக் கலையைப் பயிலவும், ஒன்றும் எழுதாதவர்கள் பிறர் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போகவும் 1990களின் பிற்பகுதியில் ஏற்படுத்தப்பட்ட, லாப நோக்கற்ற இலக்கிய மையம் அது.

மையத்தின் பெயருக்குரியவர் கவிஞர் ரிச்சர்ட் ஹ்யூகோ (1923–1982). சியாட்டிலின் தெற்கு விளிம்பில் உழைக்கும் மக்கள் வாழ்ந்த ஒயிட் சென்டரில் பிறந்து வளர்ந்த அவர், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றித் திரும்பி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தியோடர் ரெத்கியிடம் கவிதை பயின்றார். அதன் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் போயிங் நிறுவனத்தில் தொழில்நுட்பம் சார்ந்த எழுத்துப் பணியில் இருந்தார். 1961இல் முதல் தொகுப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் அலுவலகத்தில் நிரல் எழுதிவிட்டு, பிள்ளைகள் உறங்கிய பிறகு கதை எழுத உட்காரும் நம்மவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகையே ஓர் ஆறுதல்தான்.

மையம் முதலில் இயங்கிய பழைய மரவீடு, ஒரு காலத்தில் இறுதிச் சடங்கு நிலையமாகவும் பின்னர் நாடக அரங்காகவும் இருந்தது. அதை இடித்துப் புதிய கட்டடம் எழுப்பிய காலத்தில் ஃப்ரை கலை அருங்காட்சியகத்தின் அருகே தற்காலிகமாக இயங்கி, 2018இல் மையம் பழைய மனையிலேயே எழுந்த புதிய கட்டடத்துக்குத் திரும்பியது. வசதிக்குக் குறைவில்லை, வகுப்பறைகளும் நிகழ்ச்சி அரங்கும் ஒழுங்காக இருக்கின்றன. எனினும், பழைய வீட்டை அறிந்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலில் வரும் கனிவு, புதிய இடத்தைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை. சுவரில் கறை படிய இன்னும் சில ஆண்டுகள் ஆகும்போலும்.

இங்கு நான் மிகவும் மதிப்பது, பெயர் கொடுத்த எவரும் மேடையேறி வாசிக்கலாம் என்னும் திறந்த மேடை நிகழ்ச்சியைத்தான். அதன் பெயரே ‘வளர்ந்துகொண்டிருக்கும் படைப்புகள்’ என்னும் பொருள் தருவது. நான் முதன்முறை சென்ற மாலையில், எனக்கு முன் வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், நான்காக மடித்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் மீண்டும் வைப்பதுமாக இருந்தார். அழைப்பு வந்ததும் எழுந்து போய் வாசித்தார்; இடையில் ஒரு வரியில் நின்று, “இது இன்னும் சரியாக வரவில்லை” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை, அந்த வரிக்காகவே இரண்டு பேர் பின்னர் அவரிடம் போய்ப் பேசினார்கள். வரவேற்புரைக்கே அரை மணி நேரம் போய்விடும் இலக்கியக் கூட்டங்களில் வளர்ந்த எனக்கு, பொன்னாடையும் தலைமையுரையும் இல்லாத அந்தச் சுருக்கம் முதலில் வறட்சியாகத் தோன்றியது. அடுத்த முறை சென்றபோது அதுவே மரியாதையாகத் தோன்றியது.

வகுப்புகள் ஒரே நாளில் முடிபவை முதல் பல வாரங்கள் தொடர்பவை வரை பலவகைப்பட்டவை. கவிதையைத் தூண்டும் பொருள் ஒன்று, எழுத எழுத வெளிப்படும் உண்மையான பொருள் வேறொன்று என்று ஹ்யூகோ தம் மாணவர்களுக்குக் கற்பித்தார்; நான் சேர்ந்திருந்த சிறுகதை வகுப்பில் அந்தக் கருத்து பெயர் சொல்லப்படாமலேயே நடைமுறையில் இருந்தது. என் கதை அம்மாவின் தையல் இயந்திரத்தைப் பற்றியது என்று நான் நம்பியிருந்தேன். அது தங்கையிடம் நான் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பற்றியது என்று, மேசையின் மறுமுனையில் இருந்த பெண் பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

குறை என்று சொன்னால் கட்டணத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீண்ட வகுப்புகளுக்குச் சில நூறு டாலர்கள் ஆகும்; உறுப்பினர்களுக்குத் தள்ளுபடியும், வசதி குறைந்தவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு என்றாலும், வாடகை ஏறிக்கொண்டே போகும் இந்நகரில் அத்தொகை பலரை வாசலிலேயே நிறுத்திவிடும். அத்தகையோர் கட்டணமில்லாத கூட்டு எழுத்து அமர்வுகளையும் திறந்த மேடையையும் நாடலாம். மற்றொன்று, வகுப்புகளின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே என்பதால், தமிழில் எழுதுகிறவர் தம் பிரதியை மொழிபெயர்த்துத்தான் முன்வைக்க முடியும். எனக்கு அது இழப்பாகவும் பயிற்சியாகவும் ஒருங்கே இருந்தது. மொழிபெயர்க்கும்போது உதிர்ந்துவிட்ட உரிச்சொற்களை மூலத்திலிருந்தும் பிறகு நீக்கிவிட்டேன்.

புதிதாகச் செல்ல விரும்புவோர் முதலில் ஒரு திறந்த மேடை நிகழ்ச்சிக்குப் போய்ப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டு, அதன் பிறகு வகுப்புக்குப் பணம் கட்டுவது நல்லது. காரில் போகாதீர்கள்; அந்தத் தெருக்களில் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி நிகழ்ச்சி முடிந்துவிடும். கேப்பிட்டல் ஹில் இரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். சற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்தால், பத்தாவது அவென்யூவில் உள்ள எலியட் பே புத்தகக் கடையின் மரத்தளத்தில் சிறிது நேரம் சுற்றிவிட்டு வரலாம்.