உடைந்த பிளாஸ்டிக்: வீட்டில் சரிசெய்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை

பசையை எடுப்பதற்கு முன் பொருளைக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பல வருடங்களாக வீட்டில் உடைவதையெல்லாம் நானே சரிசெய்கிறேன். எது நிற்கும், எது நிற்காது என்பதைப் பெரும்பாலும் அந்த எண்ணே சொல்லிவிடும்.

2 என்றால் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிப்ரோப்பிலீன். குடம், வாளி, டிபன் டப்பா எல்லாம் அநேகமாக இந்த ரகம்தான். இவற்றில் சூப்பர் குளூ பிடிக்காது, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை, இந்த ரகத்தின் மேற்பரப்பு அப்படி. உருக்கித்தான் சேர்க்க வேண்டும்.

அதற்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் (ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல்) தாராளம். விரிசல் முடிகிற இடத்தில் சூடான முனையால் முதலில் ஒரு சின்னத் துளை போடுங்கள். அது இல்லாவிட்டால் விரிசல் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் விரிசல் நெடுகப் பள்ளம் எடுத்து, அதே எண் போட்ட பழைய மூடியிலிருந்து நறுக்கிய கீற்றை உருக்கி நிரப்ப வேண்டும். கைப்பிடிப் பக்கம் என்றால் ஸ்டேப்ளர் பின்களைக் குறுக்கே வைத்து உள்ளே அழுத்திவிடுவேன். இப்படிச் சேர்த்த துணி வாளி இன்றும் தினமும் புழக்கத்தில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல.

மொட்டை மாடியில் கிடந்த வாளியோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கையே நொறுங்க வைத்துவிடுகிறது. நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா, விட்டுவிடுங்கள். சேர்த்த இடம் நிற்கும், பக்கத்தில் வெடிக்கும்.

ரிமோட், சுவிட்ச் போர்டு பக்கத்து ரெகுலேட்டர் குமிழ் போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ் மாதிரி கெட்டி ரகம். இங்கே சூப்பர் குளூ அருமையாகப் பிடிக்கும். மூலை உடைந்து துண்டு தொலைந்துபோனால், அந்த இடத்தில் சமையல் சோடாவைத் தூவி மேலே ஒரு சொட்டு விட்டால் போதும். நொடியில் கல்லாகிவிடும், உப்புத்தாளால் தேய்த்து வடிவம் கொடுக்கலாம். ஆனால் வளைந்து கொடுக்க வேண்டிய கொக்கிக்கு இது ஆகாது, பட்டென்று விட்டுவிடும். அதற்கு இரண்டு டியூப்பைக் கலந்து பூசும் எபாக்சி பசைதான் சரி. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைக்கும் பொறுமை வேண்டும். இன்னொன்று, சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. சென்னைக் காற்றில் திறந்த டியூப் சீக்கிரம் வீணாகும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் இறுக மூடி வையுங்கள்.

3 போட்டிருந்தால் பிவிசி. அதைச் சூடாக்கவே கூடாது, அமிலப் புகை வரும். ஹார்டுவேர் கடையில் விற்கும் பைப் சிமெண்டே அதற்குப் போதும்.

குடிதண்ணீர்க் குடத்தில் எந்தப் பசையும் நான் வைப்பதில்லை. குக்கர் கைப்பிடியையும் தொடுவதில்லை. அது பேக்கலைட், உருகாது, கருகும். பாத்திரக் கடையில் புதுக் கைப்பிடி வாங்கித் திருகிக்கொள்ளலாம்.