சர்டிபிகேட் இல்லாத எக்ஸாஸ்ட் கிளீனிங் தம்பிகள்: ஈரோடு மெஸ்காரரின் ரிவியூ

ஈரோடு, பெருந்துறை, பவானி பக்கம் ஹோட்டல், மெஸ் நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கிச்சன் எக்ஸாஸ்ட்டைச் சுத்தம் செய்ய இந்தத் தடவை பள்ளிபாளையத்துத் தம்பிகள் இருவரைக் கூப்பிட்டோம். ஒருவர் டக்ட், அதாவது அடுப்புப் புகையை மாடி வரைக்கும் கொண்டுபோகிற தகட்டுக் குழாய், அடிக்கிற பட்டறையில் வேலை பார்த்தவர், இன்னொருவர் ஏசி மெக்கானிக். புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறார்கள், கையில் எந்தச் சர்டிபிகேட்டும் கிடையாது, அதை அவர்களே முதலில் சொல்லிவிட்டார்கள். வேலை அருமை. ஐந்துக்கு நான்கு ஸ்டார்.

இதற்கு முன்னால் வந்த கம்பெனி லேமினேஷன் போட்ட சர்டிபிகேட்டை எல்லாம் காட்டியது. ஆனால் செய்தது என்ன? அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கிற ஹூட்டைத் துடைத்து, ஃபில்டரைக் கழுவி மாட்டி, பளபளவென்று போட்டோ எடுத்து பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மேலே டக்டுக்குள் கையே வைக்கவில்லை. பிசுக்கு சேர்வதே அங்கேதான், அடுப்பில் தீ எகிறினால் மாடி வரைக்கும் ஓடுவதும் அந்த வழியாகத்தான். பள்ளிபாளையம் சிக்கன், சிந்தாமணி சிக்கன் என்று நாள் முழுக்க எண்ணெயில் வதக்கி, பிரியாணிக்கு விறகடுப்பும் வைத்திருக்கிற எங்கள் மாதிரி கிச்சனில் எண்ணெய் ஆவியும் கரியும் கலந்து தார் போல இறுகிக் கிடக்கும்.

தம்பிகள் மெயினை ஆஃப் செய்து, காஸ் வால்வை அடைத்து, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிட்டுத்தான் ஏணியை எடுத்தார்கள். டக்ட் வளைகிற இடத்தில் உள்ளே பார்க்க வழியே இல்லை, அதனால் பட்டறைத் தம்பி அங்கே தகட்டை வெட்டி ஒரு சின்னக் கதவு வைத்து, கசியாமல் கேஸ்கெட்டும் போட்டார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இதுக்குள்ள இதுவரைக்கும் யாரும் கையே வெக்கலீங்களே" என்றார். சுரண்டியால் இழுக்க இழுக்கப் பிசுக்கு கட்டி கட்டியாக வந்து பக்கெட்டில் விழுந்தது. மாடியில் புகையை இழுக்கிற ப்ளோயர் ஃபேனைத் திறந்தால் இறக்கைகளில் ஒரு பக்கம் மட்டும் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது, அந்த எடை ஏற்றத்தாழ்வில்தான் அது கடகடவென்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் பேரிங் போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்களிடம் இருக்கிற ஃபில்டரில் சில ஸ்டீல், சில அலுமினியம். காஸ்டிக் சோடாவில் போட்டால் அலுமினியம் அரித்துவிடும் என்று அவற்றைத் தனியாக எடுத்து, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினார்கள். அமெரிக்காவில் ஹோட்டல் கிச்சன் எக்ஸாஸ்ட்டில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள என்.எஃப்.பி.ஏ. 96 என்றொரு விதிமுறை இருக்கிறது. விறகு, கரி எரிக்கிற அடுப்பு என்றால் மாதம் ஒருமுறை, 24 மணி நேரமும் ஓடுகிற கிச்சன் என்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்கிறது. அதைப் படித்து வைத்துக்கொண்டு, விறகடுப்பு லைனை மாதாமாதம் பாருங்கள் என்று எங்களிடம் கறாராகச் சொன்னார்கள்.

சரி, ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? மாடி விளிம்பில் சேஃப்டி பெல்ட் கட்டாமல் நின்றார் ஒரு தம்பி. காஸ்டிக் தெளிக்கும்போது கண்ணாடியும் போடவில்லை, அது கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். அங்கேயே சத்தம் போட்டேன். இன்சூரன்ஸும் எடுக்கவில்லை. டக்ட் உடைந்தாலோ அவர்களுக்கே அடிபட்டாலோ யார் பொறுப்பு? எங்கெங்கே சுத்தம் செய்தோம், எங்கே கை எட்டவில்லை என்று எழுதி ஒரு ரிப்போர்ட்டும் தரவில்லை. நம் பக்கத்தில் இந்தத் தொழிலைத் தொடங்க நினைக்கிற பசங்களுக்கும் இதையேதான் சொல்வேன், சர்டிபிகேட் இல்லாமல் சின்ன மெஸ்ஸில் ஆரம்பிக்கலாம், பெல்ட்டும் கண்ணாடியும் இன்சூரன்ஸும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஆஸ்பத்திரி, மால் மாதிரி பெரிய இடங்களுக்குப் போவதற்கு முன் முறையாகப் பயிற்சி எடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு 7,500 ரூபாய் ஆனது, கதவு வைத்த கூலியும் சேர்த்து. கடை அடைத்த பிறகு வந்து விடியும் முன்னால் முடித்துவிடுகிறார்கள். கூப்பிடுகிறவர்கள் மாடிச் சாவியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், சாயங்காலமே விறகடுப்பை அணைத்துவிடுங்கள், அப்புறம் டக்டுக்குள் எடுத்த வீடியோவைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.